மடுத் திருநாள் முடிந்து மூன்றாம் நாள்

சென்ற மாதம் பிலிப்பீன்ஸ் சங்கத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். மணிலாவில் அட்டர்னி இறந்துவிட்டார், அவருக்கு நினைவு மலர் போடுகிறோம் என்றாள். அவருடைய நாட்டு வாழ்க்கையை எழுத நிறையப் பேர் இருக்கிறார்களாம். மொன்றியலில் இருந்த காலத்தைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை. ஒரு பழைய படத்தில் அவருக்குப் பின்னால் நான் நிற்பதைப் பார்த்து விசாரித்து வந்திருக்கிறாள். ஒரு பக்கம் போதும், இரண்டு மூன்று நல்ல சம்பவங்கள் இருந்தால் நல்லது என்றாள்.

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இஞ்சித் தண்ணீர் குடிப்பார், வேலையில் கண்டிப்பானவர், ஏழைகளோடு பொறுமையாகக் கதைப்பார் என்று எழுதினேன். எல்லாம் உண்மை. அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அது எங்கள் ஆள் ஒருவரின் விசயம், ஆகவே தமிழில் இருக்கட்டும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பருத்தித்துறையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து கிரேக்கர்களின் கப்பல். பதினான்கு வருசம் இயந்திர அறையில் எண்ணெய் துடைத்தேன். எந்தக் கப்பலில் ஏறினாலும் பாதிப் பேர் பிலிப்பீன்ஸ்காரர். அவர்களோடு சாப்பிட்டு, சண்டை பிடித்து, அவர்களுடைய தகாலோக் மொழி எனக்கு வந்துவிட்டது. ஆங்கிலமும் அவர்களிடம் பிடித்ததுதான். ஒருமுறை மொன்றியல் துறைமுகத்தில் இறங்கினேன், திரும்ப ஏறவில்லை. டவுன்டவுன் உணவகங்களில் கோப்பை கழுவினேன். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் கூட்டித் துடைத்தேன். கரையில் ஒரு வேலையிலும் இரண்டு வருசம் நின்றதில்லை. மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள். அதில் அவள் பிழை எதுவும் இல்லை.

டோர்வலில் என்னோடு வேலை செய்த ஒரு பிலிப்பீன்ஸ் பெண்தான் என்னை அட்டர்னியிடம் கூட்டிப் போனாள். ஒரு தமிழர் வந்திருக்கிறார், கதைக்க ஆள் இல்லை என்றாள். மொன்றியலின் கோட்-டே-நேஜ் பகுதியில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் அவருடைய அலுவலகம். கீழேயிருந்து கருவாடும் வினாகிரியும் கலந்த வாசம் வரும். ஒரு பின்னேரம் மொழிபெயர்க்கப் போனவன் ஐந்து வருசம் அங்கேயே இருந்தேன். கரைக்கு வந்த பிறகு நான் ஓரிடத்தில் அதிக காலம் நின்ற வேலை அதுதான்.

அட்டர்னி என்பது பெயர் அல்ல. பிலிப்பீன்ஸ்காரர் சட்டத்தரணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். எங்கள் ஊரில் டொக்டர், வாத்தியார் என்பது போல அங்கே அட்டர்னி. அவருடைய மனைவி தொலைபேசியில் கூப்பிட்டாலும் "அட்டர்னி இருக்கிறாரா?" என்றுதான் கேட்பார். இளமையில் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வழக்குப் பேசியவர். அந்தத் தொழிலாளர்களின் வாக்கில் காங்கிரசுக்கு, அதாவது அவர்களுடைய நாடாளுமன்றத்துக்கு, போனார். இராணுவச் சட்டம் வந்தபோது பதினெட்டு மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்து திரும்பவும் அரசியல் செய்தார், ஒரு தேர்தலில் தோற்றார், வீட்டு வாசலில் வெடிச் சத்தம் கேட்ட பிறகு மகளிடம் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். கியூபெக்கில் சட்டத்தரணி ஆவதென்றால் மறுபடி படிக்க வேண்டும், அதுவும் பிரெஞ்சில். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சட்டம் இயற்றின நான் இனிச் சட்டத்துக்குப் பரீட்சை எழுதுவதா என்று விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் அகதி விசாரணையில் ஆலோசகராக நிற்பதற்கு உரிமம் தேவையில்லை. இப்போது பரீட்சை, பதிவு எல்லாம் வந்துவிட்டன. நல்லதுதான்.

தொடக்கத்தில் எங்கள் ஆட்கள் அவரை நம்பவில்லை. வெளியே மர வாங்கில் குந்தியபடி என்னைக் கேட்பார்கள்.

"அண்ணை, உந்தப் பிலிப்பீன்காரர் எங்கட ஆக்களின்ர கேசை வெல்லுவாரோ? எங்கட பிரச்சினை அவருக்கு என்னெண்டு விளங்கும்?"

"மறியல்ல இருந்தவர் தம்பி. உமக்கு முதலே அடி வாங்கினவர்."

"அப்ப சரி. அனுபவம் இருக்கு."

அவருடைய வேலைமுறையைச் சொல்ல வேண்டும். அகதிக் கோரிக்கை வைத்த ஒருவர் இருபத்தெட்டு நாளுக்குள் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதில் முப்பத்தோராவது கேள்வி, உனக்கு என்ன நடந்தது என்பது. மற்ற அலுவலகங்களில் அந்தப் பதிலை அரை மணித்தியாலத்தில் எழுதி முடிப்பார்கள். அட்டர்னி மூன்று நாள் எடுப்பார். முதல் நாள் எழுதவே மாட்டார். ஆளைக் கதைக்க விட்டு, நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு இருப்பார். இரண்டாம் நாள் வீட்டைத் தாளில் கீறிக் காட்டச் சொல்வார். கதவு எங்கே, கிணறு எங்கே, பிடிக்க வந்தவர்கள் நுழைந்தபோது அடுப்பில் என்ன வெந்தது என்று கேட்பார். மூன்றாம் நாள் மஞ்சள் தாளில் தன் கையால் எழுதுவார். பிறகு நான் அதைத் தமிழில் திரும்ப வாசிக்க வேண்டும், ஒரு சொல்லும் விடாமல். வாசித்து முடித்த ஒவ்வொரு பக்கத்திலும் அந்த ஆள் கையெழுத்து வைக்க வேண்டும்.

திகதிதான் அவருக்குப் பெரிய விசயம். எங்கள் சனம் திகதி சொல்லாது. அம்மா செத்த வருசம், கப்பல் மூழ்கின கிழமை, நெல்லு வெட்டுக்கு முதல் என்று சொல்லும். நான் அதை எண்ணாக மாற்றப் பார்ப்பேன். அவர் விடமாட்டார். "கனகு, அவர் திகதி சொன்னாரா?" என்பார். இல்லை என்றால், "அப்படியென்றால் நெல்லு வெட்டுக்கு முந்தி என்றே எழுது. அவருக்குத் தெரியாத திகதியை நீ அவருக்குக் கொடுத்தால், விசாரணையில் அதை அவர்தான் சுமக்க வேண்டும்" என்பார். கப்பலில் எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்தவன் நான். ஏன் என்று காரணம் சொல்லி வேலை வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

படிவத்தோடு அவர் ஒரு கடிதமும் இணைப்பார். யாரும் கேட்டதில்லை, அது அவருடைய வழக்கம். "இந்தப் பதிலை நானே கோரிக்கையாளரோடு உட்கார்ந்து, அவருடைய மொழியில் வாசிக்கக் கேட்டுச் சரிபார்த்தேன்" என்று நாலு வரி. கீழே அவருடைய நீளமான கையெழுத்து. கோரிக்கைகளை விசாரிக்கும் அகதிச் சபையில் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு இருந்தது. அவர் கொண்டுவரும் ஆள் பொய் சொல்ல மாட்டான் என்று ஒரு பெயர் உண்டாகி, ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் ஆட்கள் வென்றார்கள்.

சந்தியோகு இரண்டாயிரத்து மூன்றின் தொடக்கத்தில் வந்தான். மன்னார் பேசாலையில் கடற்தொழில் செய்தவன், நாற்பது வயது, வேதக்காரன், கத்தோலிக்கன். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இந்தியாவில் மண்டபம் முகாமில் இருந்தார்கள். இவனை இங்கே அகதி என்று ஏற்றுக்கொண்டால் அவர்களைக் கூப்பிடலாம். அது ஒன்றுதான் அவன் கேட்டது. மொன்றியலின் வடக்கே அஹுன்ட்சிக்கில் ஒரு நிலக்கீழ் அறையில் நாலு பேரோடு இருந்தான். ஊரில் கடற்படை அவனைக் கரையில் வைத்துப் பிடித்து, நாலு நாள் வைத்து அடித்து, முழங்கையை உடைத்து விட்டிருந்தது. அந்தக் கையை அவனால் முழுதாக நீட்ட முடியாது.

அந்த மாதங்களில் அட்டர்னி மாறிக்கொண்டிருந்தார். மணிலாவிலிருந்து ஆட்கள் வந்து போனார்கள். அவருடைய பழைய கட்சியின் கை ஓங்கிக்கொண்டிருந்தது. உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் கதைப்பார். சந்தியோகுவுக்கு முதல் நாள் அரை மணித்தியாலம் கொடுத்தார். இரண்டாம் நாள் வரவில்லை. மூன்றாம் நாள், கனகு, உனக்கு என் முறை தெரியும், நீயே எழுது என்றார். கடிதத்தில் முன்கூட்டியே கையெழுத்து வைத்து என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். எனக்கு அது பெருமையாக இருந்தது. எட்டாம் வகுப்புக்காரன் ஒரு கேசைத் தனியாக எழுதுகிறான்.

இருபத்தெட்டாம் நாள்தான் எழுதினேன். எப்போது பிடித்தார்கள் என்று கேட்டேன். "மடுத் திருநாள் முடிஞ்சு வந்த மூண்டாம் நாள் அண்ணை" என்றான். நான் சைவம். மடு மாதா கோயிலுக்கு எனக்குத் தெரிந்த திருநாள் ஆகஸ்ட் பதினைந்து. அந்த நாட்களில் பஸ் முழுக்கச் சனம் போவதைச் சின்ன வயதில் கண்டிருக்கிறேன். ஆகஸ்ட் பதினெட்டு என்று எழுதினேன். அவன் திகதி சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. எண்ணாக எழுதினால் பார்க்க ஒழுங்காக இருந்தது. திரும்ப வாசிக்க நேரம் இல்லை. தபால் கந்தோர் பூட்டப் போகிறது, கெதியா வை என்று ஒவ்வொரு பக்கத்திலும் அவனிடம் கையெழுத்து வாங்கினேன். மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில், முழுவதையும் அவருடைய மொழியில் வாசித்துக் காட்டினேன் என்ற வரிக்குக் கீழே நானும் கையெழுத்து வைத்தேன்.

விசாரணைக்கு ஒரு மாதம் இருக்கையில் ஊரிலிருந்து இரண்டு தாள் வந்தன. ஒன்று பங்குச் சுவாமியாரின் கடிதம். மற்றது மன்னார் ஆஸ்பத்திரித் துண்டு: முழங்கை முறிவு, உடம்பில் கண்டல் காயங்கள், ஜூலை ஒன்பது. நான் இரண்டையும் மேசையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு சந்தியோகுவைக் கூப்பிட்டு, மடுத் திருநாள் எப்போது என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "என்ன அண்ணை, மடுவுக்கு ரெண்டு திருநாள். ஜூலை ரெண்டும் ஆகஸ்ட் பதினைஞ்சும். நாங்கள் எப்பவும் ஜூலைக்குத்தான் போறனாங்கள். உது ஆருக்குத் தெரியாது?"

எனக்குத் தெரியாது.

அட்டர்னியிடம் கொண்டுபோனேன். என்ன நடந்தது என்று ஒளிக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் நெடுநேரம் துடைத்தார். இது திருத்தக்கூடியதுதான் என்றார். இன்னும் நாள் இருக்கிறது, திருத்திய பதிலைக் கொடுக்கலாம். ஆனால் பிழை எப்படி வந்தது என்று அலுவலகம் விளக்கம் எழுத வேண்டும். தான் அவனோடு உட்காரவில்லை, நான் வாசித்துக் காட்டவில்லை என்று இருவரும் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். 

அப்போதுதான் எனக்கு விசயத்தைச் சொன்னார். அவருக்கு மந்திரிப் பதவி வருகிறது. அவர்களுடைய நாட்டில் மந்திரியைக் காங்கிரஸ் ஆட்கள் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுத்தான் உறுதிப்படுத்துவார்கள். கனடாவில் அகதிக் கதை தயாரிக்கும் கடை வைத்திருந்தவர் என்று எதிர்க்கட்சி இப்போதே கதை பரப்புகிறது. வாசிக்காத ஒன்றை வாசித்தேன் என்று கையெழுத்து வைத்ததாக அவரே எழுதிக் கொடுத்த ஒரு தாள் இருந்தால் அவருடைய கதை முடிந்தது.

"தான் பிழை விட்டதாக அவனைச் சொல்லச் சொல்" என்றார். "சின்னப் பிழை. திகதியில் எல்லாரும் தடுமாறுவார்கள். ஆஸ்பத்திரித் துண்டு இருக்கிறது, கை உடைந்திருக்கிறது. சபை நம்பும்."

"நம்பாவிட்டால், அட்டர்னி?"

"கனகு, நான் மந்திரி ஆனால் ஒரு கோடிப் பேருக்கு ஏதாவது செய்யலாம்."

நான் எதிர்த்துக் கதைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கதைக்கவில்லை. என் கையெழுத்தும் அந்தப் படிவத்தில் இருந்தது. பொய்ச் சத்தியம் என்று பிடித்தால் இனி இந்த வேலையும் போய்விடும் என்று பயந்தேன். அவர் எடுத்த முடிவு எனக்கும் வசதியாக இருந்தது.

சந்தியோகுவை உள்ளே கூப்பிட்டோம். அட்டர்னி சொன்னார், நான் தமிழில் சொன்னேன். துண்டையும் கடிதத்தையும் கொடுப்போம், திகதியைப் பற்றிக் கேட்டால் நான்தான் பிழையாகச் சொன்னேன் என்று சொல்லுங்கள். வாசித்துக் காட்டினார்களா என்றால் ஓம் என்று சொல்லுங்கள்.

அவன் அட்டர்னியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "அண்ணை, நான் பிழையாச் சொன்னனானோ?"

"இல்லைத் தம்பி. ஆனா அப்பிடிச் சொன்னாத்தான் சுகமா முடியும்."

"உங்களுக்குத் தெரியாததே அண்ணை? சரி, சொல்லுறன்."

விசாரணை டவுன்டவுனில் ஓர் உயரமான கட்டடத்தில் நடந்தது. சின்ன அறை, ஒரு கொடி, மேசையில் ஒலிப்பதிவுப் பெட்டி. சபையின் மொழிபெயர்ப்பாளர் இருந்ததால் எனக்கு வேலை இல்லை. அனுமதி கேட்டுப் பின்னால் உட்கார்ந்தேன். விசாரித்தவர் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. குரலை உயர்த்தவே இல்லை. சந்தியோகு கரையை, படகை, முகாமை எல்லாம் நன்றாகச் சொன்னான். கையை முடிந்த அளவுக்கு நீட்டிக் காட்டினான். பிறகு அவர் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஆகஸ்ட் பதினெட்டாம் திகதி உங்களைப் பிடித்து அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஜூலை ஒன்பதில் அந்த அடிக்கு மருந்து கட்டியிருக்கிறீர்கள். அடிக்கு முதலே காயம் வந்ததா?"

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"இந்தப் படிவத்தை உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்களா?"

அவன் மேசையைப் பார்த்தபடி சொன்னான். "ஓம்."

"அப்போது ஏன் திருத்தவில்லை?"

அதற்கு என்ன சொல்வது என்று நாங்கள் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் திரும்பி என்னைத் தேடினான். முன்னால் பார்க்கும்படி மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அந்தப் பெண்மணி அட்டர்னியிடம், இந்தப் படிவத்தைக் கோரிக்கையாளரோடு உட்கார்ந்து நீங்களே சரிபார்த்ததாக உங்கள் கடிதம் சொல்கிறது, இதைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அட்டர்னி எழுந்து நின்றார். காங்கிரசில் பேசிய மனிதர். அவர் நின்றால் அறை அமைதியாகிவிடும்.

"இல்லை, அம்மணி. கோரிக்கையாளர் பதில் சொல்லிவிட்டார்."

பின் வரிசையில் இருந்த நானும் வாய் திறக்கவில்லை.

அடுத்த மாதம் அட்டர்னி மணிலாவுக்குப் போனார். சங்கத்தில் பெரிய விருந்து வைத்தார்கள். நினைவு மலருக்காக அந்தப் பெண் காட்டிய படம் அன்றைக்கு எடுத்ததுதான். சபையின் முடிவு அதற்குப் பின் தபாலில் வந்தது. அடிப்படையான விசயத்தில் முரண்பாடு, திருப்தியான விளக்கம் இல்லை, சாட்சி நம்பத்தக்கவர் அல்ல. தவிர, நாட்டில் போர்நிறுத்தம் இருக்கிறது. கை ஏன் நீட்ட முடியவில்லை என்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாமாம்.

மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்கப் பதினைந்து நாள். நான் ஓர் இளம் பிரெஞ்சுச் சட்டத்தரணியைப் பிடித்தேன். நடந்ததை அவளிடம் சொல்லி, என் சத்தியக் கடதாசியைக் கொடுத்தேன். இதை விசாரணைக்கு முதல் கொடுத்திருந்தால் நான் தேவைப்பட்டிருக்க மாட்டேன் என்றாள். ஆலோசகர் பிழை விட்டார் என்று வாதிட்டால் அவருக்கு அறிவித்து அவருடைய பதிலையும் கேட்க வேண்டும். மணிலாவுக்கு எழுதினோம். முத்திரை பதித்த தாளில் செயலாளர் ஒருவர் பதில் போட்டிருந்தார். மாண்புமிகு மந்திரிக்கு அந்தக் கோப்பு நினைவில் இல்லை. தன் எல்லாக் கோப்புகளையும் தானே சரிபார்ப்பது அவருடைய வழக்கம். மொன்றியல் நண்பர்களுக்கு அவருடைய அன்பு.

நீதிமன்றம் அனுமதி மறுத்தது. ஒரு வரி, காரணம் இல்லை. அப்படித்தான் வரும். சந்தியோகுவை அடுத்த வசந்தத்தில் கொழும்புக்கு அனுப்பினார்கள். போவதற்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, நிலக்கீழ் அறையில் இருந்த சட்டி பானையை யாருக்காவது கொடுக்கச் சொன்னான். என்னைக் கோபித்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அட்டர்னி நல்ல மந்திரியாக இருந்தார் என்றுதான் கேள்வி. வெளிநாட்டில் வேலை செய்யும் பெண்களுக்காக ஏதோ நல்ல சட்டம் கொண்டுவந்தாராம். இங்கே பிள்ளை பார்க்கும் பிலிப்பீன்ஸ் பெண்கள் அவருடைய படத்தை வீட்டில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பிழையான ஆளின் படத்தை வைத்திருப்பதாக நான் சொல்ல மாட்டேன். அவர் கற்றுக்கொடுத்த முறையில்தான் நான் அறுபத்தைந்து வயதுவரை வேறு அலுவலகங்களில் மொழிபெயர்த்தேன். ஒருவர் சொல்லாத திகதியை அதற்குப் பிறகு நான் எழுதியதில்லை. கடைசி வருசங்களில் வேலைக்கு வந்த பிள்ளைகள், கிழவர் சும்மா நேரத்தைத் தின்கிறார் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு நாள் தொலைபேசி வந்தது. சந்தியோகு. ஊரில் திரும்பச் சண்டை தொடங்கியதும் படகில் ஏறி மண்டபத்துக்குப் போய்விட்டான். மனைவி பிள்ளைகளோடுதான் இருக்கிறான். மூத்தவளுக்குப் பதினேழு வயது. வேறு ஒரு நாட்டுக்கு அகதிகளை எடுக்கிறார்களாம், முகாமில் பெயர் பதிந்து கதை எழுதுகிறார்களாம். சுகம் விசாரித்தான். மொன்றியலில் இன்னும் பனி கொட்டுதா என்றான். பிறகுதான் விசயத்துக்கு வந்தான்.

"அண்ணை, முதல் எங்கையும் அகதி கேட்டனியோ, அங்க என்ன சொன்னனி எண்டு கேக்கினம். கனடாவில சொன்னதை எடுத்துப் பாப்பினமாம். அண்டைக்கு நீங்கள் என்ன திகதி எழுதினனீங்கள்?"

"ஆகஸ்ட் பதினெட்டு."

அவன் யாரிடமோ எழுதிக்கொள்ளச் சொல்வது கேட்டது. மகளாக இருக்க வேண்டும்.

"சந்தியோகு, அதை எழுதாதை. உண்மையான திகதியைச் சொல்லு. ஜூலை அஞ்சு."

"அதைச் சொன்னா அங்க சொன்னதுக்கு மாறா வருமே அண்ணை. திரும்பவும் பொய்யன் எண்டு எழுதிப்போடுவினம். நான் ஆகஸ்ட் எண்டே சொல்லுறன். இனி அது எனக்கு நல்ல மனப்பாடம்."